பஞ்சுப் பனி

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று காகிதப் பென்குயின்களைச் சார்ட்டில் ஒட்டிவிட்டு, பனிக்காகப் பஞ்சு எடுத்துவர ஓடினார்கள்.

“எனக்குப் பனி வேண்டாம்,” என்று பதறியது கலாபகஸ் பென்குயின். “நான் வெயில் கொளுத்தும் தீவில் இருக்கிறவன். பாறைதான் என் இடம்.”

“சும்மா இருடா,” என்றது சக்கரவர்த்திப் பென்குயின். “பென்குயின்னா பனிதான். டீச்சர் வர்ற நேரத்துல மார்க்கைக் கெடுத்துடாதே.”

“உனக்கு மட்டும் தனிப் பாறையாக்கும்!” என்று சிரித்தது அடேலிப் பென்குயின்.

“பசை இன்னும் காயலைண்ணே. நான் கீழே விழுந்தா, திரும்ப ஒட்டும்போதாவது புத்தகத்தைப் பார்ப்பாங்க.”

கலாபகஸ் மெல்ல உரியத் தொடங்கியது. மற்ற இரண்டும் இருபுறமிருந்தும் எட்டி, ஆளுக்கொரு சிறகை அழுத்திப் பிடித்துக்கொண்டன. அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அவசர அவசரமாகப் பஞ்சை அள்ளி ஒட்டினார்கள்.

டீச்சர் சார்ட்டை உற்றுப் பார்த்தார். “எல்லாமே பனியிலா நிக்குது? இதுல ஒண்ணு வெயில் ஊர்ப் பென்குயினாச்சே. எது அது?”

பிள்ளைகள் ஆளுக்கொன்றாகக் கை காட்டினார்கள். டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“தம்பி, நீதானேடா அது! சீக்கிரம் சொல்லித் தொலையேன்!” என்று கெஞ்சியது சக்கரவர்த்தி.

கலாபகஸ் பென்குயினின் அலகு முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தது.