உள்பக்கத் தாழ்ப்பாள்

“உங்க அண்ணன் இவ்வளவு அருமையா படம் வரைவாருன்னு நீ சொல்லவே இல்லையே?”

மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட வேலை பார்ப்பவள் போனை நீட்டினாள். லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த தங்கை எட்டிப் பார்த்தாள்.

அது அவள் வரைந்த படம். யாரோ பகிர்ந்திருந்தார்கள். கீழே அண்ணன் பெயர்.

குறி சொல்லும் டாரட் சீட்டுகள் மாதிரி, தான் விரும்பி ஆடும் மாயாஜால வீடியோ கேமின் பாத்திரங்களை ஒவ்வொருவராக வரைந்துகொண்டிருந்தாள் அவள். இது மரணச் சீட்டு. அதில் இருந்தவள், கொள்ளைநோய் வந்த ஊரின் கதவை, யாரும் வெளியேற முடியாதபடி அடைத்த வைத்தியச்சி. விளையாடுகிற அத்தனை பேரும் ‘கொலைகாரி’ என்று திட்டும் பாத்திரம்.

தங்கை மட்டும் உற்றுப் பார்த்திருந்தாள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. கதவை அடைத்தவள் தப்பித்துப் போகவில்லை. நோயாளிகளோடு உள்ளேயே இருந்துவிட்டாள். அதைத்தான் வரைந்தாள்.

“ரசிகர்கள் போட்ட ஓட்டுல இதுதான் முதலாம். கேம் கம்பெனியே சீட்டா அச்சடிக்கப் போகுதாம்” என்றாள் கூட வேலை பார்ப்பவள்.

தங்கை அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அண்ணன், கையிலிருந்த கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான்.

“என் படத்தை எதுக்கு உன் பேர்ல போட்டே?”

“கேட்டா குடுத்திருப்பியா?”

“அதனால திருடிடுவியா?”

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “இவன் வரைஞ்சதுன்னு நம்பிட்டாங்களா? இவன் ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாலே நெளியுமே.”

அண்ணன் துண்டில் கையைத் துடைத்தான். “என் பக்கத்தைத் திறந்து முதல்லேர்ந்து படி. அப்புறமும் கோவம் இருந்தா சண்டை போடலாம்.”

வேண்டாவெறுப்பாகப் படிக்க ஆரம்பித்தாள்.

‘கொலைகாரிக்கு வக்காலத்தா?’ ‘வரைஞ்ச கையை ஒடிக்கணும்.’ இன்னும் அச்சில் ஏற்ற முடியாதவை. முதல் நாலு நாளில் மட்டும் நானூறுக்கு மேல். போன வருஷம் அவள் இணையத்தில் போட்ட முதல் படத்துக்கும் இப்படித்தான் வந்து விழுந்தது. பத்து நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் வரைந்ததெல்லாம் மேஜை டிராயரோடு சரி.

இங்கே ஒவ்வொரு வசவுக்குக் கீழேயும் அண்ணன் பொறுமையாக எழுதியிருந்தான்: ‘தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.’

ஐந்தாம் நாள் யாரோ எழுதியிருந்தார்: ‘பார்த்தேன். ஆறு வருஷமா அந்தப் பொம்பளையைத் தப்பா நினைச்சிருக்கேன்.’ அவருக்குப் பின்னால் இன்னொருவர். அப்புறம் ஆயிரக்கணக்கில்.

அந்த நாலு நாளும் அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பேசாமல் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. கேட்டதற்கு, ‘லிஃப்ட்ல கொஞ்சம் பிரச்னை’ என்றிருந்தான்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தின் கடைசிக்குப் போனாள். ஓட்டு முடிவு வந்த பத்தாவது நிமிஷத்தில் அண்ணன் போட்டிருந்தது அங்கே இருந்தது.

‘வரைஞ்சது என் தங்கச்சி. சீட்டுல அவ பேரைப் போடுங்க. திட்டு வாங்க மட்டும்தான் என் பேரைப் போட்டேன்.’