ஒரு மடக்குத் தண்ணீர்

"இன்னைக்கும் மைக்கப் புடுங்கினீங்கன்னா, நான் நேரா உலு யாம் போயிடுவேன். மக வீட்டுலயே இருந்துக்குறேன். பை பின் சீட்டுல இருக்கு, பாத்துக்குங்க."

கோலா சிலாங்கூரை ஒட்டிய செம்பனைத் தோட்டம். மாரியம்மன் கோயில் வாசலில் காரை நிறுத்திய குமரவேல், மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஏன் புடுங்கப் போறேன்? இவ்வளவு சீக்கிரம் திருந்துன ஆளு நான் ஒருத்தன்தான்."

"டாக்டர் சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்லா. அவங்க சிரிச்சாங்க."

புஷ்பவள்ளிக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

சில மாதங்களாகப் புஞ்சாக் ஆலாமில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருக்கிறார்கள். தன்மோக ஆளுமைக் கோளாறு என்றார் அவர். "வெறும் திமிர்னு நினைக்காதீங்கம்மா. நாலு பேர் பாராட்டலைன்னா, தான் ஒண்ணுமே இல்லங்கிற பயம் உள்ள இருக்கு. மெதுவாத்தான் மாறும்." பெருமை வாய்வரை வரும்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார். குமரவேல் பெரிய பாட்டிலாகவே வாங்கிவிட்டார்.

கோயில் நாற்காலியிலிருந்து செருப்பு அலமாரிவரை 'உபயம்: குமரவேல்' என்றிருக்கும். தகட்டில் எழுத்து வெட்டி, அதன் மேல் நீலப் பெயிண்ட் அடித்தது. போன வருடத் திருவிழாவில் அவர் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்கள். மைக்கைப் பிடுங்கி அவர் பேசி முடிப்பதற்குள் அன்னதானச் சோறு ஆறிப்போனது. மகள் கல்யாண விருந்திலும் அதே கதைதான்.

உள்ளே மண்டபத்தில் காற்று வீசியது.

"அட, எல்லாம் புது ஃபேனு! யாரு குடுத்தது? பேரே போடலையே!" என்றாள் புஷ்பவள்ளி.

குமரவேல் தண்ணீர் குடித்தார்.

பூஜை முடிந்ததும் செயலாளர் அகிலன் மைக்கைப் பிடித்தார். "இந்த ஃபேனெல்லாம் லோரியில வந்து இறங்குச்சு. குடுத்தவரு பேரச் சொல்லக் கூடாதுன்னுட்டாராம். நமக்குத் தெரியாதா? இவ்வளவு அடக்கமான மனுஷன் நம்ம தோட்டத்துல ஒருத்தர்தான். வீரண்ணே, முன்னால வாங்க!"

வீரன் பதறிப்போனார். "ஐயோ, நான் இல்லப்பா! ஆத்தா மேல சத்தியமா நான் குடுக்கல!"

"பாத்தீங்களா, இப்பக்கூட ஒத்துக்க மாட்டேங்குறாரு!"

கூட்டம் கைதட்டியது. வீரன் மறுக்க மறுக்கப் பொன்னாடை தோளில் விழுந்தது.

குமரவேல் எழுந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. மைக் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"உக்காருங்க. அடுத்தவருக்கு ஒரு துண்டு போட்டா பொறுக்காதா உங்களுக்கு?"

"அதில்ல புஷ்பா, அது வந்து..."

"பை கார்லதான் இருக்கு."

அவர் மூடியைத் திறந்து ஒரு மடக்கு குடித்தார். உட்கார்ந்தார். இன்னொரு மடக்கு. எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, அவர் மட்டும் தனியாகத் தட்டினார்.

திரும்பும்போது குமரவேல்தான் காரை ஓட்டினார்.

"பரவாயில்லையே, வாயத் தொறக்கல" என்றாள்.

"கஷ்டமா இருந்துச்சு புஷ்பா."

"ரொம்பவா?"

"வயிறு பூரா தண்ணி."

இந்த முறை அவள் சத்தமாகவே சிரித்தாள். வளைவில் கார் திரும்ப, காலி பாட்டில் உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. குனிந்து துழாவியவளின் கையில் ஒரு தகடு தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தாள்.

'மின்விசிறி உபயம்: குமரவேல்' என்று எழுத்து வெட்டியிருந்தது, பெயிண்ட் ஒரு சொட்டுகூடப் பட்டிருக்கவில்லை.

தகட்டைச் சத்தமில்லாமல் இருந்த இடத்துக்கே தள்ளினாள். வீடு வந்ததும், பையை அவளே உள்ளே எடுத்துப் போனாள்.