மூன்றாம் வருஷம்

காப்புறுதி அதிகாரி புஷ்பராஜ் ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி, தோட்டத் தொழிலாளர்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் முழங்கினார். "இந்த வைத்தியக் காப்புறுதிக்கு முதல் வருஷச் சந்தா முழுக்க அரசாங்கம் கட்டும். ரெண்டாம் வருஷம் பாதி. மூணாம் வருஷத்திலேருந்து நீங்களே கட்டிக்கலாம்!"

தோட்டமே கைதட்டியது. சிறுநீரகக் கல்லோடு கொழுந்து பறிக்கும் காத்தாயி கொஞ்சம் கூடுதலாகவே தட்டினாள். அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் இலவசம்தான். ஆனால் அவள் மடியில் கசங்கிக் கிடந்த ஆஸ்பத்திரித் துண்டில் போட்டிருந்த திகதி எட்டு மாதம் கழித்துத்தான்.

"அப்ப நாளைக்கே பிரைவேட்டுல செஞ்சுக்கலாமா சேர்?"

"ஏற்கனவே இருக்கிற நோய்னா ரெண்டு வருஷம் பொறுக்கணும்மா. அது சட்டம்."

காத்தாயி விரல் விட்டு எண்ணினாள். "வலியோட கெடக்குற ரெண்டு வருஷமும் அரசாங்கம் கூட நிக்கும். வைத்தியம் கெடைக்கிற வருஷம் நான் மட்டும் கட்டணும். அப்படித்தானுங்களே?"

"அடேயப்பா! எங்க கந்தோர்லயே யாருக்கும் இவ்வளவு சீக்கிரம் விளங்கல!"

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அதிகாரி மட்டும் அவளருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பெரியாஸ்பத்திரித் துண்டைத் தொலைச்சிராதீங்கம்மா."

தன் சட்டைப்பையிலிருந்து அதேபோல் கசங்கிய துண்டொன்றை எடுத்துக் காட்டினார்.

"எனக்கும் கல்லுதான். ரெண்டு வருஷமெல்லாம் யாராலம்மா பொறுக்க ஏலும்?"