விளங்காத லத்தீன்

"உங்கடை லத்தீன் செபத்தைப் பிறகு சொல்லலாம் அம்மா. வெளிக்கிடுங்கோ!"

குசினி வாசலில் நின்று நிமலினி கத்தினாள். மீன் வெட்டும்போதும் அம்மா மாக்கிறேற் முணுமுணுக்கிற அந்தச் செபம், ஊர்காவற்றுறைக்கு வந்த எந்தப் பங்குச்சுவாமிக்கும் விளங்காத லத்தீன். நிமலினியைத் தொட்டிலில் போட்டு ஆட்டியதும் அதைச் சொல்லித்தான்.

"எனக்குக் கால் ஏலாது பிள்ளை. நீ போ."

"கோயிலுக்குப் போக மட்டும் ஏலுமோ? ஒரு வருசமா ஓடித்திரிஞ்சு இந்தக் கலைச்சந்தையை வைக்கிறன். ஆபிரிக்கா வழி வந்த சனம் புத்தளத்திலயிருந்து படம், பாட்டு, ஆட்டம் எல்லாம் கொண்டு வந்திருக்கினம்."

"காப்பிரியளின்ரை ஆட்டத்தில எனக்கென்ன கிடக்கு?"

நிமலினிக்குச் சுர்ரென்று ஏறியது. "ச்சீ! நீங்களும் மற்றவை மாதிரித்தான்."

மாக்கிறேற் தலை நிமிரவில்லை. "வயசான ஆக்களும் வந்திருக்கினமோ?"

"ஓம். முன்னுக்கு நிண்டு பாடுறவவுக்கு எழுபது இருக்கும்."

"அவவுக்குக் கண் வடிவாத் தெரியுமோ?"

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டுவிட்டு நிமலினி போய்விட்டாள்.

பின்னேரம் பள்ளிக்கூட மைதானம் நிறைந்துவிட்டது. போத்தலில் கரண்டியைத் தட்டி மெதுவாகத் தொடங்கிய பாட்டு வேகமெடுக்க, பார்த்து நின்ற சனமும் ஆடத் தொடங்கியது. நிமலினிக்கு மனம் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"வராட்டில் பரவாயில்லை, கேட்டுக்கொண்டாவது இருங்கோ" என்று சொல்லி, தொலைபேசியை ஒலிபெருக்கிப் பக்கம் பிடித்தாள்.

முன்னால் நின்று பாடிய அந்த வயதான பெண் மைக்கை வாங்கினாள்.

"கடைசிப் பாட்டு, எங்க அம்மா பாடின தாலாட்டு. எங்க வீட்டுக்கு வெளியில யாருக்கும் தெரியாது. என் தங்கச்சி இந்த ஊருக்குத்தான் கல்யாணம் கட்டி வந்தா. வந்த வருசமே அவ செத்துப்போயிட்டதா கடிதம் வந்துச்சு. காலையில சேமக்காலை முழுக்கத் தேடினேன், அவ கல்லறை கிடைக்கல்ல. அவளுக்காகப் பாடுறேன்."

இரண்டாவது வரியிலேயே நிமலினியின் வாய் தானாகச் சேர்ந்து பாடியது. எந்தச் சுவாமிக்கும் விளங்காத அதே லத்தீன்.

தொலைபேசியைக் காதில் வைத்தாள். மறுபக்கம் அம்மா விம்மிக்கொண்டிருந்தாள்.

"அக்காவின்ரை குரல் கொஞ்சமும் மாறேல்லைப் பிள்ளை. நான் ஆர் எண்டு உன்ரை அப்பாவின்ரை ஆக்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டு பயந்து, அந்தக் கடிதத்தை நான்தான் எழுதினனான்."