மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கேள்வி

"போன வாரம் ரெண்டு போர்வை போத்திக்கிட்டுத் தூங்கினேன் மேடம். நீங்க என்னடான்னா உலகமே சூடாகுதுன்னு படம் காட்டுறீங்க. யார் காதுல பூ சுத்துறீங்க?"

மூன்றாவது வரிசையில் கட்டம்போட்ட சட்டைக்காரர் எழுந்து நின்றார். அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மேடையில் நின்ற ஆய்வாளப் பெண் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். காலநிலை ஆய்வு நிலையம் மாதந்தோறும் பொதுமக்களுக்கு நடத்தும் கூட்டம் அது. அவள் கெஞ்சிக் கேட்டு ஆரம்பித்தது. "இன்னிக்கும் யாரும் வாயைத் திறக்கலைன்னா இழுத்து மூடிடலாம்மா. அறிக்கையை இணையத்துல போட்டாப் போதும்" என்று இயக்குநர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

"சார், என்னிக்காவது ஒரு நாள் நீங்க பாத்திரம் தேய்ச்சா, தினமும் தேய்க்கிறீங்கன்னு வீட்டுல ஒத்துக்குவாங்களா?" என்று சட்டைக்காரரைக் கேட்டாள்.

"எங்க ஒத்துக்குவா!"

"அந்த ஒரு நாள்தான் வானிலை. முப்பது வருஷமா யார் தேய்ச்சதுன்னு பார்க்கிறது காலநிலை."

சிரிப்பு வெடித்தது. ஓர் அம்மாள் கைதட்டியே விட்டார்.

சட்டைக்காரர் விடவில்லை. "எங்க தாத்தா காலத்துலயும்தான் வெள்ளம் வந்துச்சு."

"அவர் எத்தனை தடவை பார்த்தாரு? நீங்க எத்தனை தடவை பார்த்தீங்க?"

அவர் விரல்விட்டு எண்ணினார். ஒரு கை போதவில்லை.

அதன்பின் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் மழையைப் பற்றிக் கேட்டார். புதுமணத் தம்பதி, கடலோரத்தில் வீடு வாங்கலாமா என்று கேட்டார்கள். கடைசி வரிசையில் இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

முடிக்கும் நேரத்தில் சட்டைக்காரர் மறுபடி எழுந்தார்.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கியே, உனக்குப் பயமா இல்லையா?"

"மரியாதையாப் பேசுங்க சார்" என்றார் யாரோ.

அவள் சட்டைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கு" என்றாள் மெல்ல. "சில நாள் தூக்கமே வராது. இப்படி நாலு பேர்கிட்ட பேசிட்டா, அன்னிக்கு நல்லாத் தூங்கிடுவேன்."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. "அடுத்த மாசம் பெரிய அரங்கமாப் பார்த்துடலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார் இயக்குநர்.

வெளியே சட்டைக்காரர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் சொல்லிக் குடுத்தது ரெண்டு கேள்விதானேப்பா? அந்தக் கடைசிக் கேள்வி எங்கேருந்து வந்துச்சு?"

அப்பா வண்டியைக் கிளப்பினார்.

"விடிய விடிய உன் ரூம்ல லைட் எரியுது. வீட்டுல கேட்டா 'ஒண்ணுமில்லப்பா'ன்னுடுறே. மேடையில நின்னா பதில் சொல்லித்தானே ஆகணும்!"