மறுபூட்டு

"ஒத்துக்கறேன்யா. நான்தான் பண்ணினேன்" என்றான் கூண்டில் நின்ற திருடன்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டைப்பிஸ்ட் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டபோதுகூட, "இது என் கையே இல்லீங்க" என்று சாதித்தவன் அவன்.

அந்தக் கோர்ட்டில் அவனுக்கு 'மறுபூட்டு' என்று பெயர். பூட்டை உடைக்கவே மாட்டான். கம்பியை விட்டு நோகாமல் திறப்பான், வேண்டியதை எடுத்துக்கொள்வான், போகும்போது பொறுப்பாகத் திரும்பப் பூட்டிவிட்டுப் போவான். திருட்டுப் போனதே வீட்டுக்காரருக்கு நாலு நாள் கழித்துத்தான் தெரியும்.

"சரி, அவனே ஒத்துக்கிட்டான். ஆறு மாசம்..." என்று நீதிபதி ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் ஐயா." அரசு வக்கீலம்மா எழுந்தார். "சில கேள்வி கேக்கணும்."

பெஞ்ச் கிளார்க் டைப்பிஸ்ட் பக்கம் குனிந்தார். "ஆரம்பிச்சுட்டாங்க! போன தடவை இவனை உள்ளே தள்ளினதே இந்தம்மாதான். இன்னும் ஆத்திரம் தீரலை போல."

"ஒத்துக்கிட்டவனை எதுக்கு சார் நோண்டணும்?" டைப்பிஸ்ட் உச்சுக்கொட்டினாள். "கல்யாணம் காட்சி இல்லாம தனியாவே இருந்தா மனசு இப்படித்தான் கல்லாப் போயிடும்."

வக்கீலம்மா காதில் அது விழவில்லை. விழுந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை.

"திருட்டுப் போன வீட்டுப் பூட்டைக் கடப்பாரையால நெம்பி உடைச்சிருக்கு. நீ எப்ப கடப்பாரை தூக்க ஆரம்பிச்சே?"

மறுபூட்டின் முகம் சுருங்கிப்போனது. தொழில் தெரிந்தவனுக்கு அதைவிட அவமானம் வேண்டுமா?

"அவசரங்கம்மா."

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல என்ன அவசரம்?"

"கெட்ட நேரங்க."

"எந்த வாசல் வழியா உள்ளே போனே?"

"பின்வாசல்."

"அந்த வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது."

கோர்ட் கொல்லென்று சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. "விட்டுடுங்கம்மா. ஜெயிலுக்குப் போறேன்னு நானே சொல்றேன். உங்களுக்கு வேற என்ன வேணும்?" என்று கெஞ்சினான்.

நீதிபதிக்கு ஆவல் தாங்கவில்லை. "ஏம்மா, தண்டனை வாங்கித் தர்றதுதானே உங்க வேலை? நிரபராதின்னு வாதாட வேண்டிய அவன் வக்கீலே சும்மா உக்காந்திருக்கார். உங்களுக்கு என்ன வந்தது?"

"இவர் பண்ணலை ஐயா. அந்த நேரத்துல இவர் வேற இடத்துல இருந்தார்."

"எங்கே?"

"வேண்டாம்மா!" மறுபூட்டு கூண்டைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

வக்கீலம்மா கறுப்பு அங்கியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். விறுவிறுவென்று போய்ச் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"என் வீட்டுச் சமையலறையில ஐயா. சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கிட்டிருந்தார்."

நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். வக்கீலம்மா நிறுத்தவில்லை.

"ஜெயில்லேருந்து வந்ததும் நேரா என் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வந்திருக்கார்னு பயந்தேன். 'உங்க கதவுப் பூட்டு சரியில்லம்மா, எவன் வேணா திறந்துடுவான்'னு சொல்லி, வேற பூட்டு மாட்டிக் குடுத்துட்டுப் போனார். அங்கதான் ஆரம்பிச்சது. திருட்டை விட்டா கட்டிக்கறேன்னு சொன்னேன். விட்டுட்டார். எங்கே பூட்டு உடைஞ்சாலும் இவரைத் தூக்கிட்டு வர்றது போலீசுக்குப் பழக்கம். இதுக்குமேல இவரை நான் பலி குடுக்க முடியாது."

டைப்பிஸ்ட் அடிப்பதை நிறுத்திவிட்டாள். பெஞ்ச் கிளார்க் முகத்தில் ஈயாடவில்லை.

நீதிபதி அவர் பக்கம் குனிந்தார். "ஒரு அரசு வக்கீல் இங்கே வந்து இப்படிச் சொன்னா வேலை என்னாகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. பதிவு பண்ணிக்கச் சொல்லுங்க."

"பொய்யா! நம்பாதீங்க!" என்று அலறினான் மறுபூட்டு. "இந்தம்மா வீடு எந்தத் தெருவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது!"

நீதிபதி பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் அவன் சட்டென்று சாட்சிக் கூண்டுப் பக்கம் திரும்பினான்.

"ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா? ஆறு மாசம்தானே, போயிட்டு வந்திருப்பேனே! இப்ப உன் வேலை போச்சேடி!"