மாட்டிக்கொண்ட கால்

“கப்பலுக்குக் காலாம். அந்தக் காலு சேத்துல மாட்டிக்கிச்சாம். இன்னா சம்பந்தி, யாருக்குக் காது குத்துறீங்க?”

டேவிட்டின் குரல், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஊரிகம் லைன் வீடுகளின் கடைசிக் கதவுவரை கேட்டது. எதிர்வீட்டுக் குணசுந்தரி, எப்போதோ காய்ந்துவிட்ட புடவையை மூன்றாம் முறையாக உதறிக் கொடியில் போட்டாள்.

ஏசுபாதம் சம்பந்திக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்று ஞாயிறும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. நாளை மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளையான அவர் மகன் ஸ்டீவனோ மும்பைக் கடலில், கப்பல் வேலையில்.

“நெசமா கீது சம்பந்தி. நாலு இரும்புக் கால கடலுக்கடியில ஊணி, தன்னத் தானே தண்ணிக்கு மேல தூக்கிக்கினு நிக்கும். அதுல ஒரு காலு சேத்துல பொதைஞ்சிடுச்சாம். ஆள ஏத்தினு வர்ற படகும் கிட்ட போவ முடியாத அலையாம்.”

“போனப் போடுங்க, நான் கேக்கறேன்.”

“நாலு நாளா யாருக்கும் லைன் கெடைக்கல.”

“அலை அடங்க இன்னும் பத்து நாள் ஆவுமாம்ப்பா” என்றாள் மணப்பெண் ஜூடித், அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து. அழுகை இல்லை, ஆங்காரம் இல்லை. இந்தக் காலத்தில் இப்படியொரு பொறுமைசாலியா என்று ஏசுபாதத்துக்குக் கண் கலங்கியது.

டேவிட் விடுவதாக இல்லை. “ஆம்பளையா இருந்தா நீந்தினாவது வந்திருப்பான்.”

ஏசுபாதத்துக்கு வேறு வழி தெரியவில்லை. “நீங்க இருபது வருஷம் மைன்ஸ்ல ஆளுங்க போற கேஜ் லிப்ட ஏத்தி எறக்கினவரு. ஆளுங்களோட கேஜ் நடுவுல மாட்டினா, வூட்ல கல்யாணம்னு லீவர வுட்டுட்டு வருவீங்களா?”

கேஜ் ஓட்டிய மனிதரிடம் ‘மாட்டிக்கிச்சு’ என்றால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. டேவிட் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “தேதியத் தள்ளுங்க” என்று இறங்கிப் போனார்.

தேதி தள்ளிப்போனது, தள்ளித் தள்ளியே காணாமல் போனது. ஸ்டீவன் மும்பையிலேயே தங்கிவிட்டான். மாப்பிள்ளை ஓடிப்போன வீடு என்று பெயர் வாங்கிய ஏசுபாதம், கோயிலில் முன்வரிசையை விட்டுக் கடைசி பெஞ்சுக்கு மாறினார்.

மறுவருஷம் ஜூடித், கூடப் படித்த ஷெர்வினைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குக் குடிபோனாள். கிளம்பும்போது ஏசுபாதத்தைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஸ்டீவன் மேல கோவப்படாதீங்க மாமா. எந்தக் காலும் மாட்டல. எங்கப்பா வாய அடைக்க அது ஒண்ணுதான் வழின்னு, அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான்.”